போகாத ஊருக்கு வழி

1930ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். பெங்களூரில் பாட்டியோடு தங்கியிருந்த ஓர் இளைஞர் கடைக்குப் போய் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வந்தார். நாவல் எழுதத் தொடங்க நல்ல நாள் குறித்துக் கொடுத்தவர் பாட்டிதான். அறையில் உட்கார்ந்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது, கண்முன் ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன் வந்து நின்றது. ஸ்டேஷனின் பெயர் மால்குடி. பிளாட்பாரத்தில் ஸ்வாமிநாதன் என்றொரு பையன் பயணிகளின் முகங்களை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஓடினான். 1974இல் வெளிவந்த ‘மை டேஸ்’ என்ற நினைவு நூலில் ஆர்.கே. நாராயண் மால்குடி பிறந்த கதையை இப்படித்தான் சொல்கிறார். ஊர் முழுசாக, பெயரும் ஸ்டேஷனுமாகவே வந்துவிட்டது.

வரைபடம் போடக் கற்றுக்கொண்ட பிறகு இந்தக் காட்சி எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஒரு தாளில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி. கோடு தண்டவாளம், புள்ளி ஸ்டேஷன். அந்த முதல் நாளில் மால்குடி அவ்வளவுதான். சுற்றிலும் வெள்ளைத் தாள். தெரு இல்லை, ஆறு இல்லை, மலை இல்லை. பிறகு நாற்பது ஐம்பது வருஷம் அந்த வெள்ளையை அவர் நிரப்பிக்கொண்டே போனார், ஆனால் ஒருநாளும் படமாக அல்ல. எழுத்திலேயே நிரப்பினார். படம் வேறு ஒருவரால், வேறு ஒரு நாட்டில், வெகுகாலம் கழித்து வந்தது.

அந்த முதல் காட்சிக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். நாவலின் கடைசி வடிவத்தில் ஸ்டேஷன் முதல் பக்கத்திலிருந்து கடைசிக்குப் போய்விட்டது. ஸ்வாமியின் நண்பன் ராஜத்தின் அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றலாகிறது, ஸ்வாமியும் இன்னொரு நண்பன் மணியும் வழியனுப்ப வருகிறார்கள், ரயில் கிளம்புகிறது. ஊருக்குள் நுழையும் வாசலாகத் தோன்றியது, ஊரைவிட்டுப் போகும் வாசலாக நின்றது. ‘ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ 1935இல் லண்டனில் அச்சாயிற்று. பதிப்பாளர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பியபோது, கையெழுத்துப் பிரதியில் கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று நாராயண் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார். நண்பர் அதை எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் கொடுக்காமல் விட்டிருந்தால் மால்குடியின் சரயு நதி தேம்ஸிலேயே முழுகிப் போயிருக்கும்.

மல்லேஸ்வரத்தில் ஒரு ‘மல்’, பசவனகுடியில் ஒரு ‘குடி’, இரண்டும் சேர்ந்து மால்குடி என்று பெங்களூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மல்லேஸ்வரத்திலேயே குடியிருக்கும் எனக்கும் அதை நம்ப ஆசைதான். ஆனால் ஸ்டேஷன் பெயரோடுதான் மனசில் வந்தது என்று எழுதியவரே சொல்லும்போது, அந்தக் கணக்கை நான் வற்புறுத்த மாட்டேன். பெங்களூர் அந்த ஊருக்குள் இருப்பதற்கு எனக்கு வேறொரு சாட்சி உண்டு: ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற சொல். 1898இல் பெங்களூரில் பிளேக் வந்து பழைய பேட்டையின் சந்துகளில் ஜனங்கள் மடிந்தபோது, ஊருக்கு வெளியே காற்றோட்டமாக, நேர்க்கோட்டுத் தெருக்களோடு வளர்ந்தவைதான் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். இன்றைக்கும் எங்கள் பக்கம் விலாசம் என்றால் இத்தனையாவது மெயின், இத்தனையாவது கிராஸ் என்றுதான். மால்குடியிலும் பழைய தெருக்கள் ஒரு பக்கம். பெரிய உத்தியோகஸ்தர்கள் குடியிருக்கும் லாலி எக்ஸ்டென்ஷன் இன்னொரு பக்கம். போலீஸ் சூப்பரிண்டெண்டின் மகன் ராஜம் அங்கேதான் இருக்கிறான். விநாயக முதலி தெருவிலிருந்து ஸ்வாமி அங்கே நடந்து போகிறான்.

எவ்வளவு தூரம்? என் அக்கா மகள் ஒரு கோடை விடுமுறையில் அந்தப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது கேட்ட கேள்வி இது.

“மாமா, ஸ்வாமி வீட்லேர்ந்து ராஜம் வீட்டுக்கு நடந்தா எவ்ளோ நேரம் ஆகும்?”

“ஏன்டா கண்ணு?”

“சும்மாதான். ஆத்தங்கரை வழியா போலாமா, மார்க்கெட் ரோடு வழியாத்தான் போகணுமா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. பதினோரு வயதுப் பெண்ணுக்கு அந்த ஊர் நடந்து போகக்கூடிய ஊராகத் தோன்றியிருக்கிறதே, அதற்கு வழி சொல்லாமல் விடக்கூடாது என்று பட்டது. போகாத ஊருக்கு வழி சொல்கிறான் என்று நம் ஊரில் சொல்வார்கள், காரியத்துக்கு ஆகாத பேச்சைப் பற்றி. அன்றைக்கு எனக்கு அது செய்யவேண்டிய வேலையின் பெயராகவே கேட்டது. மறுநாள் அவென்யூ ரோட்டில் ஏ3 அளவில் கெட்டிக் காகிதமும், மெல்லிய முனைப் பேனாக்கள் மூன்றும், ட்ரேசிங் பேப்பர் ஒரு சுருளும் வாங்கி வந்தேன்.

கற்பனை நிலத்துக்குப் படம் போடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. படத்தை முதலில் போட்டுவிட்டுக் கதையை அதற்குள் நடக்கவிடுபவர்கள் ஒரு வகை. 1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமர் கிராமத்தில் மழைக்கு ஒதுங்கிய வீட்டுக்குள், மனைவியின் மகனான சிறுவன் லாயிடோடு படம் வரைந்து விளையாடிக்கொண்டிருந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் ஒரு தீவை வரைந்து வண்ணம் தீட்டினார். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே காடுகளுக்கு நடுவே ஆட்கள் நடமாடத் தொடங்கினார்கள் என்று பிற்பாடு எழுதினார். அதிலிருந்து பிறந்ததுதான் ‘ட்ரெஷர் ஐலண்ட்’. டோல்கீனும் இந்த வகைதான். அவருக்குப் படம் முன்னே, பயணம் பின்னே. 1954இல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வெளிவந்தபோது அதன் பெரிய நிலப்படத்தைச் சுத்தமாக வரைந்து கொடுத்தவர் மகன் கிறிஸ்டோஃபர். இன்று உலகம் முழுக்கக் கற்பனை நிலப்படம் என்றதும் நினைவுக்கு வரும் பக்கவாட்டு மலைச் சிகரங்களும் குட்டிக் குட்டி மரங்களும் பெருமளவு அந்தப் படங்கள் போட்ட வழிதான்.

எழுதி முடித்த பிறகு படம் தேடுகிறவர்கள் இரண்டாவது வகை. வில்லியம் ஃபாக்னர் தன் யோக்நபடாஃபா என்ற கற்பனை ஜில்லாவைப் பல நாவல்களில் எழுதிவிட்டு, 1936இல் வந்த ‘அப்சலோம், அப்சலோம்!’ நாவலின் கடைசியில் அதற்கொரு படம் போட்டார். அந்த நிலத்துக்கு ஏக உரிமையாளன் நானே என்று அதிலேயே எழுதியும் வைத்தார்.

ஸ்டீவன்சனுக்கு இரண்டு வேலையும் வாய்த்தது என்பதுதான் விசேஷம். நூலாக அச்சடிக்க அனுப்பியபோது அந்த முதல் படம் எங்கோ தொலைந்துவிட்டது. அவர் தன் புத்தகத்தையே வரிவரியாகப் படித்து, எந்தக் குன்று எந்தத் திசை, எந்தக் கரைக்கு எவ்வளவு தூரம் என்று குறிப்பெடுத்து, கவராயத்தை வைத்துக்கொண்டு மறுபடி தீவைக் கட்ட வேண்டியிருந்தது. கலங்கரை விளக்கங்கள் கட்டும் பொறியாளரான அப்பாவின் அலுவலகத்தில் அது வரையப்பட்டது. இரண்டாவது படம் தனக்கு ஒருபோதும் ட்ரெஷர் ஐலண்டாக இருந்ததில்லை என்று வருந்தியிருக்கிறார். புத்தகத்திலிருந்து படத்தைப் பிழிந்தெடுப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மால்குடிக்கு அந்த வேலையைச் செய்தவர் அமெரிக்காவின் அடெல்ஃபி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஃபெனெல்லி. 1970களின் கடைசியில், மால்குடி என்பது ஒழுங்குபட்ட இந்துப் பிரபஞ்சத்தின் வெளிப்பாடு என்று வாதிடும் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். சமயத்தைப் படிக்கிற அறிஞர் அவர். நாவல்களிலிருந்து தெருத்தெருவாகத் தகவல் திரட்டி ஊரை ஒரு படமாக்கினார். 1982இல் ‘மால்குடி டேஸ்’ சிறுகதைத் தொகுப்பு அமெரிக்காவில் வெளிவந்தபோது, அந்தப் புத்தகத்தில் மால்குடியின் வரைபடம் இருந்தது. வரைந்தவர் கிளாரிஸ் போரியோ. பெங்களூர் அறையில் ஸ்டேஷன் தோன்றி ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நாராயணுக்கு அப்போது எழுபத்தைந்து வயது.

அதே புத்தகத்தின் முன்னுரையில் அவர், மால்குடி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, அது கற்பனை ஊர், எந்த மேப்பிலும் கிடைக்காது என்கிறார். ஆனாலும் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தார் ஓர் இலக்கிய நிலப்பட நூலில் இந்தியாவுக்குள் மால்குடியைக் குறித்துவிட்டார்கள் என்றும் அங்கேயே சொல்லிவிடுகிறார். நியூயார்க்கின் 23ஆம் தெருவில்கூட மால்குடி ஆட்களைப் பார்க்க முடிகிறது என்கிறார். இடத்தைப் பிடித்துக்கொடுக்க அவருக்கு மனசில்லை. எழுதியவருக்கு அந்த உரிமை உண்டு. நடந்து போக விரும்பும் வாசகருக்கு வேறோர் உரிமை உண்டு என்று நான் நினைக்கிறேன்.

ஃபெனெல்லி ஒரு சின்ன ஊரில் பிரபஞ்சத்தைத் தேடியது முதலில் எனக்கு அதிகப்படியாகத்தான் பட்டது. பிறகு நம் நாட்டுப் பழைய படங்களைப் பார்த்தேன். குஜராத்திலும் ராஜஸ்தானத்திலும் சமணர்கள் துணியில் தீட்டிய ‘அடாயி த்வீப’ ஓவியங்கள், அதாவது இரண்டரைத் தீவுப் படங்கள். நடுவில் வட்டமாக ஜம்புத்வீபம், அதன் நட்டநடுவில் மேரு. சுற்றி உப்புக்கடல் வளையம், அதைச் சுற்றி இன்னொரு நிலம், மறுபடி கடல், அப்புறம் பாதி நிலத்தோடு மனிதர் வாழும் உலகம் முடிந்துவிடுகிறது. அந்த நீல வளையத்துக்குள் மீன்கள் நீந்துகின்றன, ஆட்களும் நீந்துகிறார்கள். போக முடியாத இடத்துக்குப் படம் வரையும் கலையைக் கற்றுக்கொள்ள நாம் டோல்கீனிடம் மட்டும்தான் போக வேண்டும் என்பதில்லை. உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என்று ஏழு கடலையும் எண்ணிச் சொன்ன பாட்டிமார் நம் வீடுகளிலேயே இருந்தார்கள்.

சரி, தாளுக்கு வருகிறேன்.

நான் முதலில் செய்த தப்பு, தெருக்களை வரைய ஆரம்பித்தது. மார்க்கெட் ரோட்டை நடுவில் போட்டு, அதிலிருந்து கபீர் தெரு, குரோவ் தெரு, ஆண்டர்சன் சந்து என்று கிளை பிரித்துக்கொண்டே போனேன். ஒரு மணி நேரத்தில் மின்சாரச் சர்க்யூட் படம் மாதிரி ஒன்று வந்து நின்றது. அதில் ஊர் இல்லை. ஓவியக் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “மொதல்ல தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க சார். தண்ணிக்கு அப்புறம்தான் மனுஷன்” என்றார். கற்பனை நிலப்படம் போடக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் இல்லை. மலையைப் போடு, மலையிலிருந்து ஆற்றை இறக்கு, ஆற்றின் மேட்டுக்கரையில் ஊரை வை, கடைசியில் தெரு.

ஆறுகளில்தான் எல்லாப் புதியவர்களும் சறுக்குகிறார்கள். போகப் போக ஆற்றை இரண்டாகப் பிரித்துவிடுவோம், மரக்கிளை மாதிரி. நிஜத்தில் ஆறுகள் ஒன்றோடொன்று சேரும்; முகத்துவாரத்து டெல்டாவைத் தவிர மற்ற இடத்தில் பிரிவது அபூர்வம். மரத்தைத் தலைகீழாகப் பிடித்தால் ஆறு. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பெங்களூரே போதுமானதாக இருந்தது. பெரிய ஆறு எதுவும் இல்லாத ஊர் என்று இதைச் சொல்வார்கள். காரணம், இது மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது, கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே. பசவனகுடி நந்தி கோயில் பக்கம் விழுகிற மழை விருஷபாவதியாகி, அர்க்காவதியில் சேர்ந்து, காவிரிக்குப் போகிறது. நந்தியின் காலடியில்தான் விருஷபாவதி பிறக்கிறது என்பது ஊர் நம்பிக்கை. ஊரின் கிழக்குப் பக்கம் விழுகிற மழை பெள்ளந்தூர் ஏரி, வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணைக்குப் போய், கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர் பக்கம் வங்காள விரிகுடாவைத் தொடுகிறது. ஒரே மழை. சில கிலோமீட்டர் தள்ளி விழுந்ததால் ஒரு துளி ஒகேனக்கல்லைப் பார்க்கிறது, இன்னொன்று திருவண்ணாமலைச் சீமையைப் பார்க்கிறது. இதை நினைத்துக்கொண்டு ஒருநாள் காலை என் வீட்டு மாடியில் நின்றபோது, வாழ்நாளெல்லாம் குடியிருந்த ஊரின் நிலம் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. கற்பனைப் படம் போடக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

மால்குடியின் ஆறு சரயு. அதன் பிறப்பை நாராயண் 1949இல் வந்த ‘மிஸ்டர் சம்பத்’ நாவலில் ஒரு கனவுக் காட்சியாக எழுதியிருக்கிறார். ராமன் அந்த வழியாகப் போகும்போது தங்குகிறான்; தண்ணீர் வேண்டியிருக்கிறது; அம்பறாத்தூணியிலிருந்து ஓர் அம்பை உருவி மணலில் ஒரு கோடு கீறுகிறான்; கோட்டில் நீர் ஊறி ஓடுகிறது. அதுதான் சரயு. நாவலைப் பலமுறை படித்தவன் நான். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தபோதுதான் அந்த இடம் உடம்பைச் சிலிர்க்க வைத்தது. கூர்மையான முனை, வெறும் பரப்பு, ஒரு கோடு, உடனே ஆறு. படம் போடுகிறவன் தினமும் செய்கிற வேலையையே அந்த ஊரின் புராணமாக அவர் எழுதி வைத்திருக்கிறார்.

ராமன் கீறிய கோட்டுக்கு மலை தேவையில்லை. ஆனால் என் தாளுக்குத் தேவை. மெம்பி மலை இருக்கிறது, அதன் அடிவாரக் காடு இருக்கிறது. ‘தி கைட்’ நாவலில் ராஜு சுற்றுலா வந்தவர்களை அந்த மலைக்குத்தான் அழைத்துப் போகிறான். ஸ்வாமி, ஹெட்மாஸ்டரோடு சண்டை போட்டுவிட்டு ஊரைவிட்டு ஓடும்போது மெம்பிக் காட்டுச் சாலையில்தான் இருட்டில் வழி தவறுகிறான். வண்டிக்காரன் ஒருவன் கண்ணில் பட்டுப் பிழைக்கிறான். பத்து வயதுப் பையன் ஒருநாளில் நடந்து எட்டிவிடக்கூடிய காடு. எனக்கு இது கிடைத்தற்கரிய அளவுகோல். இருபது நிமிஷ நடை என்றால் பையன்களுக்குச் சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏ3 தாளின் 42 சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்து கிலோமீட்டர் ஊர் அடங்கும். மலை அடங்காது. அங்கேதான் சர்வே படத்துக்கும் கதைப் படத்துக்கும் உள்ள வித்தியாசம் கை கொடுக்கிறது. கதைப் படத்தில் ஊருக்கு ஓர் அளவு, மலைக்கு வேறோர் அளவு இருக்கலாம். தாளின் ஓரத்தில் மலைகளைப் பக்கத்திலேயே, பக்கவாட்டுத் தோற்றமாக நிறுத்திவிடலாம். மேலிருந்து பார்க்கும் ஊருக்குப் பின்னால் நேரே பார்க்கும் மலை. கண் அதை ஏற்றுக்கொள்கிறது, கோயில் சுவரோவியத்தில் குளத்தை மேலிருந்தும் படித்துறை மனிதர்களைப் பக்கத்திலிருந்தும் ஏற்றுக்கொள்வது போல.

மலை வரைவதில் ஒரு கைப்பழக்கம் உண்டு. சிகரத்திலிருந்து ஒரு வளைந்த கோடு இறங்கும். நேர்க்கோடாக இருந்தால் கூடாரமாகிவிடும். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால் வலப்பக்கம் மட்டும் சின்னச் சின்னக் கீற்றுகள். முன்வரிசை மலையை முதலில் போட்டு, பின்வரிசையை அதன் தோளுக்குப் பின்னால் மறைவாகத் தொடங்க வேண்டும். எல்லா மலையும் ஒரே உயரமாக வந்தால் வாயில் பல் மாதிரி தெரியும். மூன்று வாரம் ட்ரேசிங் பேப்பரில் இதை மட்டுமே செய்தேன். நான்காவது வாரம் மெம்பி வந்தது.

தெருக்களுக்குப் புத்தகங்களைத்தான் நம்ப வேண்டும். எல்லம்மன் தெரு எளிது: 1976இல் வந்த ‘தி பெயின்டர் ஆஃப் சைன்ஸ்’ நாவலின் நாயகன் ராமனின் வீடு அந்தத் தெருவின் கோடியில், ஆற்றை ஒட்டி இருக்கிறது. அப்படியானால் அது தண்ணீரில் போய் முடியும் தெரு. நல்லப்பன் தோப்பும் ஆற்றோரம்தான். மணியும் ராஜமும் மோதிக்கொள்ள வந்து நண்பர்களாகித் திரும்பும் இடம். மார்க்கெட் ரோடு ஊரின் முதுகெலும்பு; வேறு நாவல்களில் வரும் நடராஜின் அச்சகம் அதில்தான், இனிப்புக்கடை ஜகன் உட்காருவதும் அதில்தான். விநாயக முதலி தெருவில் 1935இல் ஸ்வாமி இருந்தான். 1952இல் ‘தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்’டின் மார்கய்யாவும் அதே தெருவில் இருக்கிறார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாகக்கூட இருந்திருக்கலாம். தாளில் அந்தத் தெருவைப் போடும்போது கொஞ்சம் அகலம் கூட்டிப் போட்டேன்.

ஒவ்வொரு தீர்மானமும் இப்படித்தான். ஆறு வடக்கா தெற்கா, காட்டுச் சாலை ஸ்டேஷன் பக்கமா எதிர்ப்பக்கமா என்று எழுதியவர் முடிவு செய்யாமல் விட்டதையெல்லாம் வரைகிறவர் முடிவு செய்தாக வேண்டும். வாக்கியத்தில் ‘ஆற்றுக்கு அப்பால்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பேனாவுக்கு அந்த வசதி கிடையாது. எங்காவது ஓரிடத்தில் வைத்துத்தான் தீர வேண்டும். ஃபெனெல்லிக்கும் போரியோவுக்கும் என் மரியாதை கூடியது இந்த இடத்தில்தான்.

பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன். அக்கா மகளுக்கு ஆங்கிலம் சரளம். இருந்தாலும் சரயுவை நான் மனசுக்குள் தமிழில்தான் சொல்கிறேன். இதற்கு யாரும் வழி போட்டு வைத்திருக்கவில்லை. ஆங்கிலப் படங்களில் நாட்டுக்குப் பெரிய எழுத்து, ஊருக்குச் சின்ன எழுத்து, ஆறுகளுக்குச் சாய்ந்த எழுத்து என்று வழக்கம் உண்டு. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதமே இல்லை. அதனால் பேனாவின் தடிமனையும் எழுத்துகளின் இடைவெளியையும் கொண்டுதான் வித்தியாசம் காட்ட வேண்டும். மலைத்தொடரின் நீளத்துக்குப் பெயரைப் பரப்பி எழுதுவது கற்பனைப் படங்களின் அழகுகளில் ஒன்று. ‘மெம்பி மலை’யைப் பரப்பினேன். ‘மெ’யின் கொம்பு ஒரு சிகரத்துக்கு அடியிலும் ‘ம’ அடுத்த சிகரத்துக்கு அடியிலும் போய் நின்றுவிட்டது. படிக்கவே முடியவில்லை. எழுத்து என்பது கொம்பும் காலும் சேர்ந்த ஒரே உடம்பு. இடைவெளி எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில்தான் வரலாம். மெ, ம், பி, ம, லை என்று ஐந்து இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு மறுபடி எழுதினேன். அதிலும் புள்ளி வைத்த ‘ம்’ தனியாக நின்றால் அநாதையாகத் தெரிகிறது. அதை ‘பி’க்குச் சற்றே அருகில் தள்ள வேண்டியிருந்தது. ‘சரயு’ மட்டும் ஆற்றின் வளைவுக்கென்றே பிறந்த பெயர். கொம்பில்லை, புள்ளியில்லை, கடைசி ‘யு’வின் வால் நீரோட்டத்தோடேயே இறங்கிப் போகிறது.

பெயர் என்றதும் நாராயணின் ‘லாலி ரோடு’ கதையைச் சொல்லியாக வேண்டும். விடுதலை வந்ததும் மால்குடி நகரசபை வேகம் பிடித்துத் தெருக்கள், பூங்காக்கள் எல்லாவற்றுக்கும் தேசியப் பெயர் சூட்டுகிறது. ஒரே பெயர் பல இடங்களுக்கு வைக்கப்பட, யாருக்கும் வழி தெரியாமல், கடிதங்கள் எங்கெங்கோ போய்ச் சேர்கின்றன. பெங்களூரிலும் சவுத் பரேட் என்று இருந்த சாலைதான் எம்.ஜி. ரோடு ஆயிற்று. என் படத்தில் எந்தக் காலத்துப் பெயரை எழுதுவது? ஸ்வாமிக்காகத்தானே இந்தப் படம் என்று நினைத்துக்கொண்டு 1930களின் பெயர்களையே வைத்தேன். அந்தக் கதையில் வரும் சர் ஃபிரெடரிக் லாலியின் சிலையும் தன் இடத்திலேயே நிற்கிறது.

படத்துக்கு முன்பே மால்குடிக்கு முகம் கொடுத்தவர் ஒருவர் உண்டு: நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண். நாலு கோட்டில் ஓட்டு வீட்டுத் திண்ணை, இரண்டு கோட்டில் குடை பிடித்த மனிதர். 1986இல் சங்கர் நாக் ‘மால்குடி டேஸ்’ தொடரைத் தூர்தர்ஷனுக்கு எடுத்தபோது அதற்கும் லக்ஷ்மண் வரைந்தார். சங்கர் நாக் ஊரைத் தேடி ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேக்குப் போனார். ஸ்டேஷனுக்கு அரசாளு என்ற சின்ன ஊரின் ஸ்டேஷனைப் பிடித்தார். அந்த அரசாளு ஸ்டேஷனின் பழைய கட்டடம் இப்போது மால்குடி அருங்காட்சியகம். 1930இல் ஓர் அறையில் மனசுக்குள் வந்து நின்ற பிளாட்பாரத்தில் இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.

என் படத்தில் ஸ்டேஷனைக் கடைசியாகத்தான் வரைந்தேன், நாவலில் அது கடைசிக்கு நகர்ந்ததுபோல. தண்டவாளம் இரு புறமும் தாளின் விளிம்புக்கு ஓடி வெளியே போய்விடுகிறது. அந்த மாதிரி இடங்களில் சின்ன எழுத்தில் திசை எழுதுவது வழக்கம். அக்கா மகள் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வாமி வீட்டிலிருந்து ராஜம் வீட்டுக்கு நூலை வைத்து அளந்தாள்: பதினொன்றரை சென்டிமீட்டர்.

“இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு நிமிஷம் மாமா. ஆத்தங்கரை வழியா போனா இன்னும் அஞ்சு நிமிஷம்.”

பேனாவை அவளிடம் கொடுத்தேன். தண்டவாளத்தின் ஒரு முனையில் ‘மதராஸுக்கு’ என்று எழுதினாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ராஜம் போன பக்கம் அதுதானே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, ‘திருச்சிக்கு’ என்று எழுதினாள்.